குறி ஏற்கெனவே மாற்றப்பட்டது

1

இந்தக் கதை ஒரு பொய்யாகத்தான் ஆரம்பித்தது. பொய்யாகவே முடிந்திருந்தால் நான் இந்நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். புதன்கிழமை மதியம் கீழே இறங்கிய கால், இன்னும் மேலே ஏறவில்லை.

என் மருமகள் செய்யும் வேலையை வைத்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். வேலை புரிந்தது, பாதி. ஆள் கிடைத்தாள், முழுசாக. சம்பவம்தான் கிடைக்கவில்லை. சம்பவம் கிடைக்காதபோது நாற்பது வருடமாக என்ன செய்கிறேனோ அதையே செய்தேன்: ஒன்றைக் கட்டிவிட்டேன். கதையில் வரும் பெண் தன் கணக்கில் ஒரு தப்புச் செய்கிறாள் என்று எழுதினேன். மறுநாள் மதியம் அந்தத் தப்பு என் மருமகளின் கணினிக்குள் இருந்தது. நான் எழுதிய மாதிரியே, எழுதிய இடத்திலேயே.

பொய் சொல்லி நான் பிடிபட்டிருக்கிறேன், கணக்கில்லை. சொன்ன பொய் உண்மையாகிப் பிடிபட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் கோடு போட்ட தாளில் எழுத்து கோட்டை விட்டு எகிறுகிறது. அச்சில் உங்களுக்கு நேராகத் தெரியும். நம்பாதீர்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்துப் போட்டதையும் காட்டிவிடுகிறேன்.

முதலாவது: "ஒரு மூலக்கூறின் மேல் வெளிச்சம் விழுந்தது. அது திடுக்கிட்டு..." திடுக்கிட்டு என்ன செய்யும்? எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்குமா? விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "வேதியியலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு, குடுவையைத் தொடுபவர்கள், தொடாதவர்கள். என் மருமகள் நான்கு வருடத்தில் ஒரு குடுவையைக்கூட..." இதை என் மனைவி தோள்வழியாகப் படித்தாள். "யாருக்கு லெட்டர்?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

(என் மனைவியை இந்தக் கதையில் தணிக்கை என்று அழைப்பேன். நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்க்குறி போட்டுப் புரிந்துகொள்வது அவள் வழக்கம். "அவர் மழை வரும்னு சொன்னா நான் துணி காயப்போடுவேன்," என்று உறவுக்காரர்களிடம் சொல்வாள். ஒரு தடவைகூடத் துணி நனைந்ததில்லை என்பதுதான் எனக்கு அவமானம்.)

மூன்றாவது: "என் மருமகள் வாசனை ஆராய்ச்சி செய்கிறாள்." இதை நான் தெரு முழுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அவள் ஆய்வேட்டின் தலைப்பில் 'அரோமேட்டிக்' என்று ஒரு வார்த்தை இருந்தது, அது போதுமானதாக இருந்தது. கணினியிலேயே வாசனை தயாரிக்கிறாள், பின்பக்கத்து விசிறி வழியாக வெளியே வரும் என்றேன். முனைக்கடைத் தையல்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து விசிறிக்கு முன்னால் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நீளமாக இழுத்துவிட்டு, "லேசா வருதுல்ல?" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த வகை மூலக்கூறுகளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமே, முதலில் கண்டுபிடித்த சிலவற்றுக்கு வாசனை இருந்ததுதான் என்று மருமகள் பிறகு சொன்னாள். ஆக, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.)

3

கதைக்கு வேலை புரிய வேண்டும். ஒருநாள் காலை, சாப்பாட்டு மேசையில் அவள் எனக்குச் சொன்னதை, அவள் சொன்ன அளவுக்குச் சரியாகவும் எனக்கு ஏறிய அளவுக்குத் தப்பாகவும் இங்கே தருகிறேன்.

வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆறு எலக்ட்ரான்கள். ஆறு என்பது அந்த வளையத்துக்கு ரொம்ப ராசியான எண்ணிக்கை, பரம நிம்மதி. இந்த நிம்மதிக்குத்தான் அரோமேட்டிக் என்று பெயர். இப்போது விளக்கைப் போடுகிறோம். அதே ஆறு பேர், அதே மேசை. ஆனால் வெளிச்சத்தில் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் எந்த எண்ணிக்கை நிம்மதியோ, வெளிச்சத்தில் அதே எண்ணிக்கை அவஸ்தை. மேசையின் ஓரத்தில் ஒரு புரோட்டான் உட்கார்ந்திருக்கிறது. அது தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்குத் தாவிவிடுகிறது. தாவியதும் மேசையின் அமைப்பு மாறி, அவஸ்தை தணிந்துவிடும்.

எவ்வளவு நேரத்தில் தாவும் என்று கேட்டேன். வினாடியை ஆயிரமாக வெட்டி, அதில் ஒரு துண்டை ஆயிரமாக வெட்டி, இப்படி ஐந்து தடவை வெட்டினால் வருகிற துண்டுகளில் ஐம்பது என்றாள். அவள் 'தாவும்' என்று சொல்லத் தொடங்கும்போதே தாவி முடித்து ஓய்வும் பெற்றுவிட்டிருக்கும். என் ஆயுளில் யாரிடமும் இப்படி ஒரு அண்டப்புளுகை நான் முயன்றதில்லை. அவள் அதை டீ கலக்கிக்கொண்டே சொன்னாள்.

இதில் அவளுடைய கண்டுபிடிப்பு என்ன? அவள் எடுத்துக்கொண்ட மூலக்கூறின் மேசை, விளக்குப் போட்டாலும் கலங்கவில்லை. உலகத்து மேசையெல்லாம் கலங்குகிறது, இது மட்டும் நிம்மதியாகவே இருக்கிறது. ஆனாலும் புரோட்டான் தாவுகிறது. ஏன் தாவுகிறது என்பதற்கு அவளிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாததுதான் அதிசயம் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். (கைடு எது கேட்டாலும் முதலில் "சரிதான்" என்பார். ஆகவே அவர் பெயர் சரிதான்.) நான்கு வருட உழைப்பு. ஆய்வேட்டின் தலைப்பே 'ஒளியிலும் கலங்காத வளையம்'. வெள்ளிக்கிழமை காலை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் வேறொரு ஊரில் ஒரு ஆய்வகம் இவளுக்கு நாற்காலி போட்டுவைத்திருக்கிறது.

மகன் எங்கே என்று கேட்பீர்கள். கப்பலில் இருக்கிறான். கதைக்கும் வெளியேதான் இருக்கிறான்; அங்கே அலைபேசி எடுக்காது.

4

மேசை கலங்கியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்குக் கதை பிடித்துப்போனது. வளையத்தின் நட்ட நடுவில் ஒரு பேய் அணுவை வைப்பார்களாம். பேய் என்பது அவர்களே வைத்த பெயர், நான் வைத்ததில்லை. அதற்கு எடையில்லை, கருவில்லை, யாரோடும் ஒட்டுறவில்லை. சும்மா நடுவில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றி எப்படி இருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டில் என் உத்தியோகமும் அதுவே.

அந்த எண்ணில் குறிதான் முக்கியம். மைனஸ் என்றால் நிம்மதி. பிளஸ் என்றால் அவஸ்தை. ஒரு சிக்கல்: அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள் அந்த எண்ணைத் தலைகீழான குறியோடு கொடுக்கும். இவர்கள் அதற்கு எதிர்க்குறி போட்டுத்தான் எழுத வேண்டும். அது அவர்கள் உலகத்துப் பழைய ஏற்பாடு. தினம் நூறு எண்ணைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஐந்தே வரியில் ஒரு நிரல் எழுதி, அதற்குக் 'கவிழ்' என்று பெயர் வைத்திருந்தாள். எந்த எண்ணை உள்ளே போட்டாலும் குறியைக் கவிழ்த்துத் துப்பும்.

வெளிச்சத்தில் இருக்கும் மூலக்கூறுக்கு மட்டும் வேறொரு மென்பொருள், சரிதானின் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அந்த எண்களையும் கவிழ் வழியாகவே அனுப்பினாள்.

குறி என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நான் முப்பத்தைந்து வருடம் குறியால் பிழைத்தவன். மூக்குக்கண்ணாடிக் கடையில்.

5

கடையில் நான் அளப்பவன். ஒருவர் தன் பழைய கண்ணாடியைக் கொடுத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பார். சீட்டைத் தொலைத்திருப்பார். அந்தக் கண்ணாடியின் பவரைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதைச் சாகடிக்கும் இன்னொரு கண்ணாடியைத் தேடுவது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்து அதோடு சேர்த்துப் பிடித்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தைப் பார்த்தபடி லேசாக ஆட்ட வேண்டும். எழுத்து ஆடாமல் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன என்று அர்த்தம். என் கையில் இருப்பது பிளஸ் இரண்டரை என்றால், அவருடையது மைனஸ் இரண்டரை.

கடையில் அளப்பவனுக்கும் வில்லையை வெட்டுபவனுக்கும் இடையே ஒரு சட்டம்: அளப்பவன் கையில் இருப்பதை அப்படியே சீட்டில் எழுத வேண்டும். வெட்டுபவன்தான் குறியைக் கவிழ்த்துக்கொள்வான். ஒருநாள் அவசரத்தில் நானே கவிழ்த்து எழுதிவிட்டேன். வெட்டுபவன் சட்டப்படி இன்னொரு தடவை கவிழ்த்தான். மைனஸ் போட வேண்டிய ஆள் பிளஸ் போட்டுக்கொண்டு கடையை விட்டுப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அந்தக் கண்ணாடியோடு தபால்பெட்டிக்கு வணக்கம் சொல்லி, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். யார் வீட்டுக்குள்ளோ போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குச் சமையல் பிரமாதம் என்று பாராட்டினார். அவர்களுக்கும் மறுக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அவரைப் பால் வாங்கிவர அனுப்ப ஆரம்பித்தார்கள். பதினோராம் நாள் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் அந்த வீட்டுப் பெண்ணோடு தனக்கு நிச்சயம் ஆகியிருப்பது தெரிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்.

இது எல்லோருக்கும் சொல்லும் பதிப்பு.

6

இந்தப் பிழையைத்தான் கதையில் வரும் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தேன். "அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது," என்று எழுதினேன், கொஞ்சம் ஆடம்பரமாகவே. "இரண்டாவது மென்பொருள் குறியை ஏற்கெனவே கவிழ்த்துத்தான் கொடுத்தது. அவளுடைய கவிழ் அதை மறுபடியும் கவிழ்த்தது. கலங்காத வளையம் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவருக்கும் படித்துக் காட்டினேன். மருமகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நல்ல இடத்தில் சிரித்தாள். தணிக்கை எந்த இடத்திலும் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. எனக்கு அதுவே பாராட்டு.

"கதை நல்லா இருக்கு மாமா. ஆனா இந்தத் தப்பு நடக்காது," என்றாள் மருமகள். "புதுசா எந்த மென்பொருள் வந்தாலும் முதல்ல பென்சீனைப் போட்டுப் பாப்போம். பதில் தெரிஞ்ச கணக்கு. தப்புன்னா அங்கேயே மாட்டிக்கும்."

கதைக்கு உதவுமே என்றுதான் கேட்டேன். "நீ போட்டப்ப என்னம்மா வந்துச்சு?"

"இருட்டுக்குப் பழைய மென்பொருள்ல மைனஸ் வந்துச்சு. வெளிச்சத்துக்கு..."

[இந்த வாக்கியத்தை நான் முடிக்காமல் விடவில்லை. அவள்தான் முடிக்கவில்லை.]

கையில் ஒரு துண்டு இருந்தது. அதை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். பதினாறாக மடித்தாள். அதற்குமேல் துண்டு ஒத்துழைக்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனாள். வெளிச்சத்தில் பென்சீன் என்ன சொல்லும் என்பது அவர்கள் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவள் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்திருப்பாள் என்று சரிதான் நினைத்துக்கொண்டார்.

7

புதன்கிழமை மதியம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"மாமா, வெளிச்சத்துல பென்சீனுக்கு பிளஸ் வரணும். உலகத்துல எல்லாருக்கும் பிளஸ்தான் வந்துருக்கு. நம்ம வீட்ல மட்டும் மைனஸ் முப்பத்தொன்பது வருது."

நான் சிரித்தேன். கதையைத் தொடர்ந்து நடத்துகிறாள், என்னைப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். சிரித்தது நான் மட்டும்தான் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தணிக்கை அடுப்பை அணைத்தாள். அவள் பாதிச் சமையலில் அடுப்பை அணைத்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, அவளுடைய அண்ணன் போன செய்தி வந்தபோது.

நண்பர் எழுதிய மென்பொருளுக்கு ஒரு கையேடு உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு அட்டவணைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், அடைப்புக்குள் மூன்று சொற்கள் இருந்தன: குறி ஏற்கெனவே மாற்றப்பட்டது. நான்கு வருடமாக அந்த மூன்று சொற்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தன. அவற்றைப் படிக்காமலே நான் அவற்றை எழுதியிருந்தேன்.

(இந்த இடத்தில் கதாசிரியன் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பயம் வந்தது. குறி சொல்பவர்களைப் பற்றி நான் எத்தனையோ கேலிக்கதை கட்டியிருக்கிறேன். இப்போது நானே ஒரு குறி சொல்லி, அது பலித்து, சமையலறையில் நின்றுகொண்டிருந்தது. கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அரைமணி நேரம் வைத்துக்கொண்டே இருந்தேன். அதில் தண்ணீர்கூட இல்லை.)

"நீங்க என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா மாமா?"

தொடவில்லை என்றேன்.

"தொடலைன்னா தொட்டிருக்காரு," என்றாள் தணிக்கை.

கையேட்டைப் பார்த்தீர்களா என்று மருமகள் கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். அதையும் தணிக்கை கவிழ்த்தாள். உண்மையைச் சொல்வது எவ்வளவு சிரமமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழக்கமே இல்லை, வேண்டிய சாமான் ஒன்றும் வீட்டில் இல்லை. பின்னே எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. நடந்துபோகும்போது ஒரு படி குறைந்தால் வருமே, அந்தத் தடுமாற்றம்.

எனக்கு நடந்தது, அதைத்தான் எழுதினேன் என்றேன். கல்யாணக் கதையா என்றாள். இல்லை, மற்றதை என்றேன்.

8

மற்ற பதிப்பு சின்னது.

கடிகாரக்காரர் நான்காம் நாள் கடைக்கு வந்தார். நெற்றியில் தையல் போட்டிருந்தது. கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "படி தெரியல," என்றார். சத்தம்கூடப் போடவில்லை. முதலாளி சீட்டை எடுத்துப் பார்த்தார். சீட்டில் மைனஸ் இருந்தது, வில்லையில் பிளஸ் இருந்தது. எங்களுக்குள் இருந்த சட்டம் அவருக்குத் தெரியாது; வெட்டியவன்தான் குளறிவிட்டான் என்று நினைத்தார். வெட்டியவனை நாங்கள் நூல் என்று கூப்பிடுவோம், அவ்வளவு ஒல்லி. அவன் சட்டப்படி செய்திருந்தான். சட்டத்தை மீறியவன் நான். நூல் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிகவும் சுத்தமான வில்லை.

அன்று சாயங்காலம் நூல் தன் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அவன் அப்புறம் என்ன ஆனான் என்பதற்கு என்னிடம் ஏழெட்டுப் பதிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் சொந்தக் கடை வைக்கிறான், ஒன்றில் வெளிநாடு போகிறான், ஒன்றில் ஒரு சர்க்கஸ்காரியைக் கட்டிக்கொள்கிறான். எந்தப் பதிப்பிலும் நான் அவனைத் தேடிப் போகவில்லை.

சொல்லி முடித்தேன். தணிக்கை எதிர்க்குறி போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தாள்.

"இத்தனை வருஷமா அந்தக் கல்யாணக் கதைக்கு நானும் சிரிச்சிருக்கேன்," என்றாள்.

9

முடிவுகள். கதைக்காக நான் யோசித்து வைத்தவை, நடந்தவற்றால் கெட்டுப்போனவை.

முடிவு அ. அவள் சரிதானுக்கு ஃபோன் செய்கிறாள், அவர் உடைந்துபோய் அழுகிறார். இது நடக்கவில்லை. வியாழக்கிழமை அவள் ஃபோன் செய்தாள். அவர் "சரிதான்" என்றார். பிறகு, வைவா முதலில் முடியட்டும், அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளலாம், தேர்வாளர்கள் இரண்டு பேரும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தவர்கள் இல்லை என்றார். கெட்டவர் இல்லை. அவர் பெயரும் அந்த ஆய்வேட்டில் இருக்கிறது.

முடிவு ஆ. குறி மாறியதால் வேறொரு பெரிய கண்டுபிடிப்பு கிடைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. மருமகளிடம் ஆசையாகக் கேட்டேன். இல்லை என்றாள். குறியை நேராக்கினால் மேசை எல்லா மேசையையும் போலக் கலங்குகிறது, புரோட்டான் அதனால் தாவுகிறது. எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான் வருகிறது. தலைப்பு போய்விட்டது. இன்னும் ஒரு வருடமாவது உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். நாற்காலி போட்டு வைத்திருக்கும் ஆய்வகம் அதுவரை காத்திருக்காது.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நின்றாள். முகத்தில் என்னவோ ஒன்று வந்தது. அதை நான் சந்தோஷம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

"இப்பத்தான் மாமா புரியுது அந்தப் புரோட்டான் ஏன் போச்சுன்னு. நாலு வருஷமா ஏன் ஏன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அதால அங்க உக்கார முடியல, அவ்வளவுதான்."

முடிவு இ. கதையில் வரும் மாமனார் வைவா நடக்கும் அறைக்குள் புகுந்து, தப்பை நான்தான் செய்தேன் என்று... வேண்டாம். நாற்பது வருடம் தாமதமாக, தப்பான அறைக்குள்.

10

வெள்ளிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். தணிக்கை வரவில்லை. இவருக்குத் துணையாக நீ போகிறாய், உனக்குத் துணையாக இவர் வருகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே என்று அவளிடம் சொல்லி அனுப்பினாள்.

நீளமான நடைபாதை. சுவரோரம் ஒரு பெஞ்சு, அதற்கு ஒரு கால் குட்டை. குடிதண்ணீர் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, தண்ணீர் வரவில்லை. அறைக்கதவில் ஒட்டிய தாளில் அவள் பெயருக்குக் கீழே, பெரிய எழுத்தில், ஒளியிலும் கலங்காத வளையம். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சரிதான் வெளியே எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

அவள் கையில் ஒரு பென் டிரைவ். அதில் இரண்டு கோப்புகள் இருந்தன என்று எனக்குத் தெரியும். காலையில் இரண்டையும் அவள் அதில் ஏற்றியதைப் பார்த்தேன். ஒன்று பழையது. இன்னொன்று வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தது, அதன் முதல் பக்கத்தில் தலைப்பே இல்லை.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்தாள். பெஞ்சு அவள் பக்கம் சாய்ந்தது.

"கதைல என்னை என்ன பண்ண வெச்சுருக்கீங்க மாமா?"

"இன்னும் எழுதலம்மா."

"எழுதாதீங்க," என்றாள். "நீங்க எழுதினா நடந்துருது."

சரி என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, கடிகாரக்காரர் கண்ணாடியை மேசைமேல் வைத்தாரே, அப்போது வாயைத் திறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

யோசித்தேன். "'நான்தான்'னு சொல்ற நேரம்," என்றேன். "அதைத்தான் நீ ஆயிரம் ஆயிரமா வெட்டிக்கிட்டு இருக்கே."

அவள் எழுந்தாள். அவள் பக்கம் தாழ்ந்திருந்த பெஞ்சு என் பக்கம் தட்டென்று இறங்கியது. கதவு திறந்து மூடியது.

11

ஒரு மணி இருபது நிமிடம். அந்த நடைபாதையில் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒவ்வொரு தடவை வெளிச்சம் வரும்போதும் எனக்கு உள்ளே என்னவோ இடம் மாறியது. நான் வளையத்துக்கு நடுவில்கூட இல்லை, வெளியே பெஞ்சில் இருந்தேன். ஆகவே எந்த எண்ணும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உள்ளே ஒரு தடவை யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம் கேட்டது.

வெளியே வந்தாள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், ஒரு 'மாமா'வும் சேர்த்து. பிறகு ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று அந்தப் பக்கமாகப் போய்விட்டாள். நான் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே தணிக்கை நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். மருமகள் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னேன். தணிக்கை என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் மாத்திக்கணுமா, இல்ல நீங்களே மாத்திட்டீங்களா?"

அவளுக்கு நான் சொன்ன பதில் எங்களுக்குள் இருக்கட்டும். உங்களுக்கு முடிவை எழுத மாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன். நான் எழுதிவிட்டால் நடந்துவிடும் என்ற பயமும் இன்னும் போகவில்லை. மருமகள் சொன்ன வார்த்தையை மட்டும் கீழே வைக்கிறேன். முன்னால் ஓர் இடம் விட்டிருக்கிறேன். பிளஸ் போட்டால் அது அப்படியே. மைனஸ் போட்டால் அதற்கு நேர்மாறு. நான் யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரியும், அவள் யார் என்றும் தெரியும். குறியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை மட்டும். போடுவதற்கு முன்னால், ஏற்கெனவே யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

(   ) "சொல்லிட்டேன், மாமா."